க்யூட் எழுதப் போறீங்களா? பாடத்தை யோசிச்சு டிக் பண்ணுங்க!



பிளஸ் டூ வந்தாலே நீட், ஜே.இ.இ. பேச்சுதான். ஆனால் நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியலோ, பி.ஏ. பொருளாதாரமோ படிக்கணும்னு நினைக்கிறவங்களும் நம்மில் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

க்யூட் என்றால் என்ன?

மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்பில் சேருவதற்கான பொது நுழைவுத் தேர்வு. 2022-ல் தொடங்கியது. தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. அதற்கு முன் டெல்லிப் பல்கலைக்கழகம் பெரும்பாலும் பிளஸ் டூ மார்க்கை வைத்தே இடம் கொடுத்தது. 2021-ல் அங்கே சில கல்லூரிகளில் கட்-ஆஃப் 100 சதவீதம்! இப்போது சீட்டை முடிவு செய்வது க்யூட் மார்க்.

டெல்லி, பனாரஸ், ஜே.என்.யூ. மட்டுமல்ல, 2009-ல் தொடங்கிய நம் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் இதுதான் வழி. நம் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் இது வேண்டாம், பிளஸ் டூ மார்க் போதும். இந்தத் தேர்வு வேண்டாம் என்று 2022 ஏப்ரல் 11-ல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானமே போட்டது. ஆனாலும் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர ஆசைப்பட்டால் எழுதித்தான் ஆகணும்.

நினைவில் கொள்க (2025 தேர்வின் விதிகள்)

* மொத்தம் 37 பாடங்கள்: 13 மொழிகள், 23 துறைப் பாடங்கள், 1 பொதுத் திறன் தேர்வு.
* ஒருவர் அதிகபட்சம் 5 எழுதலாம்.
* ஒவ்வொன்றும் 60 நிமிடம், 50 கேள்வி. சரிக்கு +5, தப்புக்கு –1. மொத்தம் 250.
* கேள்வித்தாள் தமிழிலும் கிடைக்கும்.

எங்கே ஏமாறுவோம்?

பிளஸ் டூவில் என்ன படித்திருந்தாலும் எந்தப் பாடத்தையும் எடுக்கலாம் என்று 2025-ல் தேர்வு முகமை சொன்னது. அடடா, சுலபமானதா அஞ்சு பார்த்து டிக் பண்ணிடலாமே என்று தோன்றும். இங்கேதான் ஆபத்து! தேர்வை நடத்துவது ஒருவர், இடம் கொடுப்பது இன்னொருவர். டெல்லிப் பல்கலைக்கழகம் என்ன சொல்கிறது தெரியுமா? பிளஸ் டூவில் படித்த பாடத்தையே க்யூட்டிலும் எழுதியிருக்கணும். ஃபார்ம் ஏற்றுக்கொண்ட பாடத்தைப் பல்கலைக்கழகம் ஏற்காமல் போகலாம். 250-க்கு 240 வாங்கினாலும் அந்த மார்க் எதற்கும் உதவாது.

அப்போ எப்படித் தேர்ந்தெடுப்பது?

1. முதலில் படிப்பு, அப்புறம் பாடம். பிடித்த மூன்று நான்கு படிப்புகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பல்கலைக்கழகம் கேட்கும் பாடங்களைப் பக்கத்தில் எழுதுங்கள்.

2. எல்லாவற்றுக்கும் பொதுவாக வரும் பாடங்களை முதலில் டிக் பண்ணுங்கள்.

3. மொழியை விட்டுவிடாதீர்கள். டெல்லியில் அநேகமாக எல்லாப் படிப்புக்கும் ஒரு மொழித் தேர்வு வேண்டும்.

4. கடைசியாக மீதி இருக்கும் இடத்தில் நமக்கு நல்லா வருகிற பாடத்தையோ, பொதுத் திறன் தேர்வையோ வைக்கலாம்.

உதாரணம் பார்ப்போமா?

முதல் குரூப் மாணவர் ஒருவர் ஆங்கிலம், கணக்கு, இயற்பியல், வேதியியல் ஆகிய நான்கை எழுதுகிறார். 2025 விதிப்படி டெல்லியில் பி.எஸ்சி. ஆனர்ஸ் இயற்பியல், வேதியியல், கணிதம், பி.ஏ. ஆனர்ஸ் பொருளாதாரம் ஆகிய நான்குக்கும் அவர் விண்ணப்பிக்கலாம். ஒரே சாவியில் நாலு பூட்டு!

காமர்ஸ் மாணவி ஒருவர் ஒரு மொழி, கணக்குப்பதிவியல், கூடவே தான் படித்த இரண்டு பாடங்கள் எழுதினால் பி.காம். ஆனர்ஸுக்குப் போகலாம், கணக்குப் பாடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் பொருளாதாரம் ஆனர்ஸுக்குக் கணக்குக் கட்டாயம். பொருளாதாரப் பாடத்தில் புலியாக இருந்தாலும் நடக்காது.

ஆங்கில இலக்கியம் ஆசையா? மொழி ஆங்கிலமாகவே இருக்கணும். தமிழை மட்டும் எழுதினால் அந்தக் கதவு மூடிவிடும். வேறு பல படிப்புகளுக்குத் தமிழே போதும். அதில் நாம் கெட்டி என்றால் தாராளமாக எழுதலாம்.

பெயரைப் பார்த்துக் குழம்பாதீங்க! தாவரவியல், விலங்கியல் என்று நாம் தனித்தனியாகப் படிப்பது அங்கே உயிரியல் என்ற ஒரே தேர்வு. நம் வணிகவியலுக்குப் பக்கத்தில் வருவது பிசினஸ் ஸ்டடீஸ்.

அஞ்சும் எழுதியே ஆகணுமா? வேண்டாம்! 2025-ல் பொதுப்பிரிவுக்கு மூன்று பாடம் வரை 1000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 400 ரூபாய். பணத்தை விடுங்க, படிக்க நேரம் வேண்டாமா? பாடத்திட்டம் என்.சி.இ.ஆர்.டி.யின் 12-ம் வகுப்பு. நம் புத்தகத்தில் இருப்பதும் அதில் இருப்பதும் அப்படியே ஒன்றல்ல. இரண்டின் பாடத் தலைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இல்லாததைப் பென்சிலால் குறியுங்கள். அந்தப் புத்தகங்கள் இணையத்தில் இலவசம். குறித்த தலைப்புகளை நம் ஆசிரியர்களிடமே கேட்கலாம், மறுக்க மாட்டார்கள்.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடு" என்பார்கள் நம் பாட்டிமார். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்த பிறகு யோசிக்காமல், வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். விதிகள் வருஷா வருஷம் மாறுகின்றன. 2023-ல் 10 பாடம் எழுதலாம் என்றிருந்தது, 2024-ல் 6 ஆகி, 2025-ல் 5 ஆனது. அதனால் அந்தந்த வருடத் தகவல் கையேட்டையும், சேர விரும்பும் பல்கலைக்கழகத்தின் விதியையும் கட்டாயம் படியுங்கள்.

பத்தாம் வகுப்புத் தம்பி, தங்கைகளே! இது அண்ணன், அக்காங்க விஷயம்னு தாண்டிப் போயிடாதீங்க. பிளஸ் ஒன்னில் நீங்கள் எடுக்கும் குரூப்தான் பிளஸ் டூவில் எந்தக் கதவு திறக்கும் என்பதை முடிவு செய்யும். "அந்த குரூப் ஈஸி" என்று ஃபிரெண்ட் சொன்னதை மட்டும் கேட்டு முடிவு எடுக்காதீர்கள்.

அனைவருக்கும் வெற்றி கிட்ட வாழ்த்துக்கள்!