யாருக்கோ தைத்த சட்டை, சுவரில் ஒரு ஜன்னல்

இந்தி நாவல் என்றால் நமக்குப் பிரேம்சந்த் நினைவுக்கு வருவார். இன்னும் கொஞ்சம் வாசித்தவர்கள் நிர்மல் வர்மா, கிருஷ்ணா சோப்தி என்பார்கள். 2025 மார்ச்சில் ஞானபீட விருது வினோத் குமார் சுக்லாவுக்கு என்று அறிவித்தபோது, யார் இவர் என்று நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. விக்கிப்பீடியாவில் இரண்டு வரி படித்துவிட்டு, "மாய யதார்த்தம் எழுதுகிறவராமே?" என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள். அங்கேதான் எனக்கு மறுப்பு. டீ வரட்டும், நிதானமாகவே சொல்கிறேன். மனிதரும் நிதானமானவர்தான்.

சுக்லா பிறந்தது 1937 ஜனவரி 1 அன்று, ராஜ்நாந்த்காவ் என்ற ஊரில். இன்று அது சத்தீஸ்கர் மாநிலம். அன்று சின்னதாக ஒரு சமஸ்தானம். ஒரு ராஜா, ஒரு பஞ்சாலை, சில குளங்கள். இரண்டு குளங்களுக்கு நடுவே இருந்த பழைய கோட்டையில் பின்னாளில் திக்விஜய் கல்லூரி வந்தது. அந்தக் கல்லூரிக்கு 1958-இல் ஆசிரியராக வந்து சேர்ந்தவர் கஜானன் மாதவ் முக்திபோத். நவீன இந்திக் கவிதையில் அவர் பெயரைச் சொல்லாமல் யாரும் பேச்சைத் தொடங்க முடியாது. நீண்ட, இருண்ட, கெட்ட கனவைப் போல விரியும் கவிதைகள் அவருடையவை.

சுக்லா அப்போது ஜபல்பூரில் வேளாண்மை படித்துக்கொண்டிருந்த மாணவர். எழுதிய கவிதைகளை முக்திபோதிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவருக்குப் பிடித்துப்போய், ஸ்ரீகாந்த் வர்மா நடத்திவந்த 'கிருதி' இதழுக்கு அனுப்பிவைத்தார். அச்சில் வந்தன. சுக்லாவின் இலக்கிய வாழ்க்கை அங்கே தொடங்குகிறது. ஆனால் குருவின் சாயல் சீடரிடம் மருந்துக்கும் இல்லை. முக்திபோதின் கவிதையில் குகை, நள்ளிரவு ஊர்வலம், நெஞ்சைப் பிசையும் விசாரணை எல்லாம் வரும். சுக்லாவின் கவிதையில் வீட்டு வாசல், சைக்கிள், பக்கத்து வீட்டுக்காரர். பெரிய ஆலமரத்தின் கீழே நின்றும் தன் உயரத்திலேயே வளர்ந்தவர். அதற்கு அழுத்தம் வேண்டும், சும்மா நடந்துவிடாது.

பிழைப்புக்கு அவர் இலக்கியத்தை நம்பவில்லை. ராய்ப்பூரில் இந்திரா காந்தி வேளாண் பல்கலைக்கழகத்தில் வேளாண் விரிவாக்கத் துறையில் பாடம் நடத்தினார். 1996-இல் ஓய்வு பெற்றார். விரிவாக்கம் என்றால், ஆராய்ச்சிக்காரர்களுக்குத் தெரிந்ததை வயலில் நிற்கிறவருக்குப் புரிகிற மாதிரி கொண்டுபோய்ச் சேர்ப்பது. இந்தி இலக்கியத்தின் தலைநகரங்களான அலகாபாத், பனாரஸ், தில்லி எதிலும் அவர் குடியேறவில்லை. ராய்ப்பூரிலேயே இருந்தார், ராய்ப்பூரிலேயே எழுதினார். கோஷ்டிகளிலிருந்து தள்ளி இருந்ததால் அவருக்குக் கிடைத்தது தாமதமான புகழ். எழுத்துக்குக் கிடைத்தது நல்ல காற்று.

முதல் கவிதைத் தொகுப்பு 1971-இல் வந்தது. அசோக் வாஜ்பேயி நடத்திய 'பஹசான்' வரிசையில் ஒரு சின்னப் புத்தகம். அதற்கு அவர் வைத்த பெயர் 'லக்பக் ஜெய்ஹிந்த்', அதாவது 'ஏறக்குறைய ஜெய்ஹிந்த்'. சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டு ஆகப்போகிற சமயத்தில் இப்படி ஒரு தலைப்பு! கோபம் இருக்கிறது, ஆனால் குரல் உயரவில்லை. ஓர் அடி பின்னால் நின்று புன்னகையோடு சொல்கிற கோபம். இந்தத் தொனியைப் பிடித்துக்கொண்டால் சுக்லாவில் பாதி புரிந்த மாதிரி.

மீதிப் பாதிக்கு 'நௌகர் கீ கமீஸ்' நாவலுக்குப் போக வேண்டும். 'வேலைக்காரனின் சட்டை'. வெளிவந்த ஆண்டு 1979. சந்து பாபு என்ற சாதாரண குமாஸ்தாவின் கதை. புதிதாகக் கல்யாணம் ஆனவன், மழை வந்தால் ஒழுகும் வாடகை வீட்டில் குடியிருக்கிறான், வீட்டுச் சொந்தக்காரர் ஒரு டாக்டர். அலுவலகத்தில் பெரிய பாபு, அவருக்கு மேலே சாகேப். சாகேபின் பங்களாவில் ஒரு சட்டை இருக்கிறது. நல்ல வேலைக்காரன் எப்படி இருக்க வேண்டும் என்று மனத்தில் ஓர் உருவத்தை வைத்துக்கொண்டு தைத்த சட்டை. அது யாருக்குச் சரியாகப் பொருந்துகிறதோ அவன்தான் வேலைக்காரன். ஒரு நாள் சந்து பாபுவைப் பிடித்து மாட்டிப் பார்க்கிறார்கள். பொருந்திவிடுகிறது.

இந்த இடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யாரும் அவனை அடிக்கவில்லை, மிரட்டக்கூட இல்லை. அவன் அரசு ஊழியன்; நியமன உத்தரவில் பங்களா வேலை என்று எங்கும் இல்லை. ஆனாலும் அலுவலக நேரத்தில் பங்களாவுக்குப் போகிறான், சொன்னதைச் செய்கிறான். அதே சமயம் அவன் மனைவி, வீட்டுக்காரர் வீட்டில் கொஞ்சம் ஒத்தாசைக்கு என்று போய், மெல்ல மெல்ல அவர்கள் சமையலறைக்கே சொந்தமாகிவிடுகிறாள். புருஷனுக்குச் சாகேப், மனைவிக்கு டாக்டரம்மா. இருவருமே எப்போது வேலைக்காரர்கள் ஆனார்கள் என்று நாள் குறிக்க முடியாது. சமஸ்தானம் போய்க் குடியரசு வந்த ஊரில், ராஜாவுக்குச் செய்த சேவகம் சாகேபுக்கு எப்படி மாறியது என்பதை எந்தச் சமூகவியல் கட்டுரையும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை என்பது என் எண்ணம். அதையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார். கடைசியில் அந்தச் சட்டை என்ன ஆகிறது என்பதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

இந்த நாவலை மணி கௌல் 1999-இல் படமாக எடுத்தார். 'உஸ்கீ ரோட்டீ' எடுத்த அதே மணி கௌல். நிதானத்துக்கு நிதானம் சரியாகப் பொருந்திய கூட்டணி.

அடுத்தது ஜன்னல். 'தீவார் மேன் ஏக் கிட்கீ ரஹதீ தீ', 1997-இல் வந்த நாவல். 1999-இன் சாகித்திய அகாதெமி விருது இதற்குத்தான். சிற்றூர்க் கல்லூரி ஒன்றில் ரகுவர் பிரசாத் கணக்கு வாத்தியார். சம்பளம் சொற்பம், வீடு ஒற்றை அறை. கல்லூரிக்கு டெம்போவில் இடித்துப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். மனைவி சோன்சி. அறையின் சுவரில் ஒரு ஜன்னல். அதன் வழியே குதித்து அந்தப் பக்கம் போனால் ஆறு, குளம், மரங்கள், குரங்குகள், பெருக்கிச் சாணம் மெழுகிய பாதை. அங்கே ஒரு பாட்டி டீக்கடை வைத்திருக்கிறாள். இவர்களுக்குப் பிரியமாக டீ போட்டுத் தருகிறாள். நம் கையில் டீ இருக்கும்போது இதைச் சொல்லாமல் விடக்கூடாது. டெம்போவுக்குக் காத்து நிற்கும் ரகுவர் பிரசாதை ஒரு இளம் சாது தன் யானையில் ஏற்றிக் கல்லூரியில் இறக்கிவிடுகிறார். வாத்தியார் யானையில் வேலைக்குப் போகிறார்.

மாய யதார்த்தம் என்ற முத்திரை இங்கேதான் விழுகிறது. அதை ஏன் மறுக்கிறேன் என்றால், லத்தீன் அமெரிக்க நாவல்களில் அற்புதம் வரும்போது ஊர், வரலாறு, வம்சம் எல்லாம் சேர்ந்து குலுங்கும். சுக்லாவிடம் எதுவும் குலுங்குவதில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தால் அதே ஒற்றை அறை, அதே காலிப் பை, மறுநாள் அதே கல்லூரி. யானை வந்ததும் ரகுவர் பிரசாதுக்கு முதலில் வருவது வியப்பா என்றால் இல்லை. இதன் மேல் எப்படி ஏறுவது, கல்லூரியில் துறைத் தலைவர் என்ன சொல்வார், இதை எங்கே கட்டிப் போடுவது என்ற கவலைகள்தான். அற்புதம் வந்தாலும் அதற்கும் இடம் ஒழித்துக் கொடுக்க வேண்டிய குடும்பஸ்தனின் கவலை அது. வறுமையை மறைக்க ஜன்னல் வைத்தார் என்று சொல்ல முடியாது. ஒற்றை அறையில் இருக்கும் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் விரும்பும்போது அறை எவ்வளவு பெரிதாகிறது என்பதை அளந்து காட்டுகிறார். என்னைக் கேட்டால் இது யதார்த்தவாதம்தான், கொஞ்சம் நுணுக்கமானது.

நடுவில் வந்த 'கிலேகா தோ தேகேங்கே' (1996) நாவலிலும் இதே கணக்குதான். புயலில் பள்ளிக்கூடத்துக் கூரை போய்விடுகிறது. கிராமத்து வாத்தியார் குடும்பத்தோடு கைவிடப்பட்ட போலீஸ் ஸ்டேஷனில் குடியேறுகிறார். லாக்கப் உள்ள வீட்டில் குழந்தைகள் வளர்கிறார்கள். மூன்றில் கடினமானது இது. முதலில் கையில் எடுக்க வேண்டாம்.

அவருடைய வாக்கியம் பற்றி ஒரு வார்த்தை. சொற்கள் எல்லாம் எளிது. அகராதி தேவைப்படாது. ஆனால் ஒரு வாக்கியம் சொன்னதை அடுத்த வாக்கியம் லேசாகத் திருப்பிப் பார்க்கும், மூன்றாவது வாக்கியம் அதன் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கும். குழந்தை ஒரு பொருளைக் கையில் வைத்து உருட்டுகிற மாதிரி. அவசரமாகப் படிக்கிறவருக்கு, இதையே ஏன் மறுபடி சொல்கிறார் என்று எரிச்சல் வரும். நாவலிலும் கவிதையிலும் இதே நடைதான். கவிஞர் சுக்லா வேறு, நாவலாசிரியர் சுக்லா வேறு என்று பிரித்துப் பேசுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை.

அவர் கவிதைகளில் இரண்டு இந்தி வாசகர்கள் மத்தியில் மிகவும் பிரபலம். ஒன்றில், மனம் தளர்ந்து உட்கார்ந்துவிட்ட ஓர் ஆளுக்கு, அவர் யார் என்றே தெரியாத ஒருவன் கை கொடுக்கிறான். ஆளைத் தெரிந்திருக்க வேண்டுமா, அவர் படுகிற பாட்டைத் தெரிந்திருந்தால் போதாதா என்பதுதான் கவிதையின் வாதம். இன்னொன்றில், தன் வீட்டுக்கு ஒருநாளும் வரப்போகாதவர்களைப் பார்க்கத் தானே கிளம்பிப் போகிறார் கவிஞர்: ஆறு, மலை, வயல், வேலை ஒழியாத மனிதர்கள். சத்தீஸ்கரின் காடும் ஆதிவாசிகளும் அவர் கவிதைகளில் அடிக்கடி வருவார்கள். காட்டை விட்டு நகரத்துக்கு வர நேர்ந்தவர்களின் பயத்தை அவர் எழுதியிருக்கும் விதத்தில் கோஷம் கிடையாது. ஆனால் யார் பக்கம் நிற்கிறார் என்பதில் சந்தேகமும் கிடையாது.

குறை சொல்ல ஒன்றும் இல்லையா? உண்டு. மோதல் போதவில்லை, எல்லாம் இதமாக இருக்கிறது என்ற புகார் அவர் மேல் நெடுநாளாக உண்டு. ஜன்னல் நாவலைப் பொறுத்தவரை அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். சோன்சி அருமையான பெண்தான். ஆனால் அவளுக்கென்று ஒரு கசப்போ, ஒரு மறுப்போ நாவலில் வருவதில்லை. நடுப்பக்கங்களில் தித்திப்பு ஒரு சிட்டிகை கூடத்தான். சட்டை நாவலில் அந்தத் தித்திப்பு இல்லை. அவருடைய சிறந்த நாவல் எது என்று கேட்டால் நான் தயங்காமல் அதைத்தான் சொல்வேன்.

பணக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2022-இல், தன் புத்தகங்களுக்குப் பதிப்பகங்களிடமிருந்து வரும் ராயல்டி மிகவும் சொற்பம் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். இந்தி உலகத்தில் பெரிய சர்ச்சையானது. எண்பத்தைந்து வயதில், அதிர்ந்து பேசாத மனிதர் வாய் திறந்தபோதுதான் பலர் இந்த விஷயத்தையே பேசத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு, 2023-இல், அமெரிக்க பென் அமைப்பின் நபக்கோவ் விருது வந்தது, 50,000 டாலர். பிறகு ஜன்னல் நாவலை ஹிந்த் யுக்ம் என்ற பதிப்பகம் வெளியிட்டது. இளைஞர்கள் வாங்கித் தள்ளினார்கள். 2025 செப்டம்பரில் ராய்ப்பூரில் ஒரு விழாவில் அவர் கையில் 30 லட்சம் ரூபாய்க்கு ராயல்டி காசோலை கொடுத்தார்கள். எழுதி ஏறக்குறைய முப்பது ஆண்டு ஆன, கதை என்று பெரிதாக எதுவும் நடக்காத ஒரு நாவலுக்கு! நல்ல புத்தகத்துக்கு வாசகர்கள் இல்லை என்று புலம்புகிற பதிப்பாளர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்ப்பது நல்லது.

கடைசி ஆண்டுகளில் குழந்தைகளுக்காக நிறைய எழுதினார். ஞானபீட விருதை 2025 நவம்பரில் ராய்ப்பூர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். சத்தீஸ்கருக்கு வந்த முதல் ஞானபீடம் அது. அடுத்த மாதம், டிசம்பர் 23 அன்று, ராய்ப்பூர் எய்ம்ஸ் மருத்துவமனையில் காலமானார். வயது 88.

படிக்க ஆசைப்பட்டால், இந்தி தெரியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. நாவல்களை சத்தி கன்னா ஆங்கிலத்தில் தந்திருக்கிறார். சிறுகதைகளை அரவிந்த் கிருஷ்ண மெஹ்ரோத்ராவும் சாரா ராயும் மொழிபெயர்த்திருக்கிறார்கள். சட்டையில் ஆரம்பியுங்கள், அப்புறம் ஜன்னலுக்குப் போகலாம். ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் போதும்.