மாமி வீட்டு வாசலில் ஒரு பைலா

ஆகஸ்ட் திருநாளுக்குத் தலவில அன்னம்மாள் கோயிலுக்குப் போகும் பஸ்கள் வழியிலுள்ள மாம்புரியைத் தொடுவதற்கு முன்பே பாட்டுச் சத்தம் அங்கே வந்துவிடும். ரபான் மேளம், கைதட்டு, சீற்றுக் கம்பியில் கரண்டித் தாளம். அப்படி ஒரு பஸ்ஸில் நின்றுகொண்டு போனபோதுதான் ‘சின்ன மாமியே’ பாட்டைச் சொல்லுக்குச் சொல் கவனித்துக் கேட்டேன்.

உரும்பிராய் நித்தி கனகரத்தினத்தின் பாட்டு. பைலாத் தாளத்தில் யாழ்ப்பாணப் பேச்சை ஏற்றியவர் அவர். கலியாண வீடுகளில் அரை நூற்றாண்டாக இதற்கு ஆடுகிறோம். கதையோ பாவம். பொடியன் ஒருவன் மாமி வீட்டு வாசலில் வந்து நின்று மச்சாள் எங்கே என்கிறான். பள்ளிக்குப் போய்விட்டாள் என்கிறாள் மாமி, பெருமையோடு. அவனுக்கு நெஞ்சு பதைக்கிறது. ஊர்ப் பொடியன்கள் கண்ணடிக்கிறார்களாம், படிப்பு வேண்டாமாம், கூட்டிவரச் சொல்லி மன்றாடுகிறான். அவளைப் படிக்க விடாதே என்று கேட்பதை என்னால் ஏற்க முடியாது. ஆனாலும் அந்தப் பயம் உண்மையானது. அவள் படித்து முன்னேறிவிட்டால், முறைமச்சான் என்ற உரிமையைத் தவிர அவன் கையில் வேறொன்றும் இல்லை.

இதை விருத்தமாக இழுத்துப் பாடியிருந்தால் கலியாண வீட்டில் யார் கேட்டிருப்பார்கள்? ‘தகிட தகிட’ என்று மூன்று மூன்றாக விழும் அடி, துக்கத்தை உட்காரவே விடாது. ‘ஆடு’ என்ற பொருளுள்ள போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்த பெயர் பைலா. 1940களில் வொலி பஸ்தியன் அதற்குச் சிங்களச் சொற்களைக் கொடுத்தார். தமிழுக்கும் அதே அடிதான் வந்தது. துக்கத்தை ஆடவைப்பது பைலா மட்டுமல்ல: 2011இல் உலகைச் சுற்றிய ‘கொலவெறி’ பாட்டும் காதலில் தோற்றவனின் புலம்பல்தானே!

சொல்லையே தாளம் தாண்டிவிடும் இடமும் உண்டு. புத்தளத்துக்குப் பக்கத்துச் சிறாம்பியடியில், ஆபிரிக்க வழிவந்த குடும்பங்கள் பாடும் மஞ்ஞா என்ற பாட்டு மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிக்கும். சிரட்டை, போத்தல், கரண்டி எல்லாமே வாத்தியம். காதலையும் கடலையும் பாடும் அந்தப் போர்த்துக்கேயக் கலப்புமொழி இளையவர்களுக்கு இன்று விளங்குவதில்லை. கால்கள் மட்டும் தவறுவதில்லை.

பஸ்ஸில் பொடியன்கள் கேள்வியைப் பாடினார்கள். பின் சீற்றில் இருந்த பதினைந்து வயதுப் பிள்ளை மாமியின் பதிலை எடுத்தாள். ‘பள்ளிக்கு’ என்ற சொல்லில் கம்பியை ஓங்கித் தட்டினாள்.