மருந்துப் பெட்டி – 14: வாயில் வெற்றிலை இல்லை

போன வருடம் பொங்கலுக்குக் கும்பகோணத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து கூடத்தில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம். பெரியம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தார்.

“மறுபடி வெத்தலை போட ஆரம்பிச்சாச்சா பெரியம்மா?” என்றேன்.

“வெத்தலையா? பல்லு கட்டினதுலேருந்து அதைத் தொடறதே இல்லையேடா!”

வாயைத் திறந்தும் காட்டினார். ஒன்றும் இல்லை. மூடியதும் உதடு குவிந்தது, தாடை பக்கவாட்டில் அசைந்தது, நாக்கு உள்ளேயிருந்து கன்னத்தைத் துழாவியது. தான் மெல்லுகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. தினமும் பார்க்கிற பெரியப்பாவுக்கு அது பழகிப்போயிருந்தது. “வயசாகலையா?” என்றார்.

மருந்துகள் வைத்திருந்த பிஸ்கட் டின்னை வாங்கித் திறந்தேன். சுகருக்கு, பிரஷருக்கு, கொலஸ்ட்ராலுக்கு என்று அட்டைகள். அடியில் இன்னொன்று: மெட்டோகுளோப்ரமைடு, 10 மில்லிகிராம்.

“அது வாந்திக்கு. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி, மூணு வேளையும்.”

டாக்டர் சீட்டைத் தேடி எடுத்தோம். பத்து நாளுக்கு என்று எழுதியிருந்தது. சீட்டின் தேதிக்கும் அன்றைக்கும் நடுவே ஒன்றரை வருடம் ஓடியிருந்தது.

“நிறுத்தினா திரும்ப வாந்தி வந்துடுமோன்னு பயம்டா. மெடிக்கல்ல அட்டையைக் காட்டினா குடுத்துடுவாங்க” என்றார் பெரியம்மா.

போன வாரம் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளைப் பார்த்தோம். இந்த வாரம் அவற்றோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும் இன்னொரு கூட்டம்: குமட்டலை அடக்கும் மருந்துகள், மந்தமான இரைப்பையை வேலை வாங்கும் மருந்துகள்.

மத்தியானம் தின்றது ராத்திரி வந்தது

பெரியம்மாவுக்கு அந்த மருந்தை எழுதியதில் தப்பில்லை. அவருக்கு 22 வருடமாகச் சர்க்கரை. கொஞ்ச காலமாகவே இரண்டு இட்லி உள்ளே போனால் கல்யாண விருந்து சாப்பிட்ட மாதிரி வயிறு நிறைந்துவிடும். நாள் முழுக்கக் குமட்டல். ராத்திரி வாந்தி எடுத்தால், மத்தியானம் சாப்பிட்ட சாம்பாரின் முருங்கைக்காய்ச் சக்கை அப்படியே வரும். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிட்டு எழுந்த ஒரு மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, சுகர் இறங்கிவிடும். நடு ராத்திரி பார்த்தால் 300-ஐத் தாண்டி நிற்கும். ஊசி நேரத்துக்கு வேலை செய்கிறது. சோறு இரைப்பையை விட்டு நகரவில்லை. ஊசியின் வேகம் ஓய்ந்தபிறகு சாவகாசமாக இறங்குகிறது. கணக்கு உதைத்தது அங்கேதான்.

இரைப்பையை வெறும் பை என்று நினைக்கிறோம். அதன் கீழ்ப்பாதி ஒரு கிரைண்டர். நிமிடத்துக்குச் சுமார் மூன்று முறை சுருங்கி, உள்ளே வந்ததை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துணுக்குகளாக அரைத்து, பைலோரஸ் என்ற குறுகிய வாசல் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குத் தள்ளும். தாளம் போடுபவை காஹல் செல்கள். மேலிருந்து மேற்பார்வை பார்ப்பது வேகஸ் நரம்பு. பல வருடச் சர்க்கரை இரண்டையுமே அரித்துவிடக்கூடும். 1958-ல் காசாண்டர் என்ற அமெரிக்க மருத்துவர் சர்க்கரை நோயாளிகளிடம் இதைக் கண்டு ‘காஸ்ட்ரோபரேசிஸ்’ என்று பெயர் வைத்தார். இரைப்பை வாதம் என்று சொல்லலாம். சர்க்கரைதான் காரணம் என்று எப்போதும் இல்லை. வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பின் வரும். காரணமே தெரியாமலும் வரும். ஓபியாய்டு வகை வலிநிவாரணிகளும், இப்போது எடை குறைக்கப் பலர் போட்டுக்கொள்ளும் செமாகுளுடைடு வகை ஊசிகளும் இரைப்பையை மெதுவாக்குபவைதான்.

அறிகுறியை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. முதலில் எண்டோஸ்கோப்பி செய்து அடைப்போ புண்ணோ இல்லை என்று பார்ப்பார்கள். பிறகு துளி கதிரியக்கப் பொருள் கலந்த உணவைக் கொடுத்து, நான்கு மணி நேரம் இடைவெளி விட்டுவிட்டுப் படம் எடுப்பார்கள். முட்டை வெள்ளைக் கருவும் ரொட்டியும் உலகம் முழுக்க வழக்கம். நம் பக்கத்தில் இட்லியை வைத்தே செய்து பார்த்தவர்களும் உண்டு. நான்கு மணி நேரம் கழித்து பத்தில் ஒரு பங்குக்கு மேல் உணவு தங்கியிருந்தால் இரைப்பை மந்தம் உறுதி. பெரியம்மாவுக்கு அப்படித்தான் உறுதியானது.

ஒரே பூட்டு, மூன்று கதவு

1964-ல் பிரான்சில் ஜஸ்டின்-பெசான்சோனும் லாவிலும் மெட்டோகுளோப்ரமைடை அறிமுகப்படுத்தினார்கள். இதயத் துடிப்பைச் சீராக்கும் புரோகைனமைடு என்ற மருந்தின் அமைப்பை மாற்றிப் பார்த்ததில் பிறந்த மருந்து இது. இதயத்துக்கு உதவவில்லை, வாந்தியை நிறுத்தியது.

நம் உடம்பில் டோபமைன் என்றொரு ரசாயனம் உண்டு. மூளையின் அடித்தண்டில் இருக்கும் வாந்தி மணியை அடிப்பது அதன் ஒரு வேலை. இரைப்பையின் சுருக்கத்தைத் தணிப்பது இன்னொன்று. மெட்டோகுளோப்ரமைடு டோபமைன் போய் உட்காரும் இடங்களைப் பூட்டிவிடுகிறது. மணி அடங்குகிறது, இரைப்பை சுறுசுறுப்பாகிறது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போடச் சொல்வது, கவளம் உள்ளே இறங்கும்போது கிரைண்டர் ஓடத் தயாராக இருக்கவேண்டும் என்பதற்காக.

சிக்கல் மூன்றாவது கதவில். கை, கால், முகத் தசைகளின் அசைவைப் பக்குவமாக நடத்துவதும் மூளைக்குள் அதே டோபமைன்தான். இந்த மருந்து மூளைக்குள்ளும் போய் அந்தக் கதவையும் பூட்டும். இளம்வயதினர் சிலருக்கு ஓர் ஊசியிலேயே கழுத்து ஒருபக்கம் முறுக்கி, கண் மேலே செருகிக்கொள்ளும். பார்ப்பவர்கள் காத்து கருப்பு என்று பயந்துவிடுவார்கள். மாற்று ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். மாதக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு வருவது வேறு. டார்டிவ் டிஸ்கினீசியா என்று பெயர்: உதடும் நாக்கும் தாடையும் தாமாக அசைந்துகொண்டே இருக்கும். மருந்தை நிறுத்தினாலும் சிலருக்கு அது போவதில்லை. வயதானவர்கள், பெண்கள், சர்க்கரை உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். பெரியம்மா மூன்று கட்டத்திலும் இருந்தார்.

2009-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மருந்துக்குக் கறுப்புக் கட்டம் கட்டிய எச்சரிக்கையைப் போடச் சொன்னது: 12 வாரத்துக்கு மேல் தருவதைத் தவிருங்கள். 2013-ல் ஐரோப்பிய அமைப்பு இன்னும் கறாராகியது. ஐந்து நாள், ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம், அதற்கு மேல் கூடாது. நாள்பட்ட இரைப்பை மந்தத்துக்கு இது வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. அதே அளவு மருந்தைப் பெரியம்மா ஒன்றரை வருடம் சாப்பிட்டிருந்தார்.

வாலில் ஒட்டிய ‘டி’

“நான் அந்த மருந்தெல்லாம் சாப்பிடவில்லை, வெறும் கேஸ் மாத்திரைதான்” என்று சொல்பவர்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெயரின் கடைசியில் ‘டி’ என்ற எழுத்து இருந்தால், அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு பெரும்பாலும் டாம்பெரிடோனும் உள்ளே இருக்கும்.

1974-ல் பெல்ஜியத்தின் யான்சன் ஆய்வகத்தில் உருவானது டாம்பெரிடோன். வேலை அதேதான், டோபமைனைப் பூட்டுவது. ஆனால் மூளைக்குள் அவ்வளவாக நுழையாது. வாந்தி மணி இருக்கும் இடம் மூளையின் காவல் சுவருக்கு வெளியே இருப்பதால் அதை மட்டும் எட்டிவிடும். முகம் கோணுவதும் கை நடுங்குவதும் அதனால் அபூர்வம். பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வாந்தி என்றால் மருத்துவர்கள் இதைத் தேடுவது அதற்காகத்தான்.

இதன் பலவீனம் இதயத்தில் வெளிப்பட்டது. புற்றுநோய் சிகிச்சையில் அதிக அளவில் ஊசியாகப் போடப்பட்ட சிலருக்குத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போனது. 1980-களின் நடுவில் ஊசி வடிவம் கைவிடப்பட்டது. அமெரிக்கா இந்த மருந்தைப் பொது விற்பனைக்கு இன்றுவரை அனுமதிக்கவில்லை. தனி அனுமதி பெற்ற நோயாளிகளுக்குத்தான் கிடைக்கும். 2014-ல் ஐரோப்பா, பெரியவர்களுக்கு 10 மில்லிகிராம் மூன்று வேளை, பொதுவாக ஒரு வாரத்துக்குள் என்று எல்லை போட்டது. ஏற்கெனவே இதயக் கோளாறு உள்ளவர்களும், கிளாரித்ரோமைசின், ஃபுளுகோனசோல் போன்றவை சாப்பிடுபவர்களும் இதைத் தவிர்க்கவேண்டும். அந்த மருந்துகள் ரத்தத்தில் டாம்பெரிடோனின் அளவை ஏற்றிவிடும். பிரசவம் ஆகாத பெண்ணுக்கு மார்பில் பால் கசிவதும் இதன் பக்கவிளைவு.

நம் ஊரில் வாலில் ‘எல்’ ஒட்டியதும் உண்டு: லெவோசல்பிரைடு. இது டாம்பெரிடோனைப் போல வாசலில் நிற்காது, மூளைக்குள் போகும். நாள்பட்டால் பார்க்கின்சன் நோய் மாதிரியே நடை தளர்ந்து, முகம் இறுகி, கை நடுங்கும். நரம்பு மருத்துவர்கள் புதிதாக நடுக்கத்தோடு வரும் முதியவரிடம் முதலில் கேஸ் மாத்திரையின் பெயரைக் கேட்கிறார்கள்.

இதே வேலைக்கு வந்த சிசாப்ரைடின் கதியையும் சொல்லவேண்டும். இரைப்பைக்கு நன்றாக உழைத்தது. ஆனால் இதயத் துடிப்பைக் கெடுத்ததால் 2000-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலகியது. இந்தியா அதற்குத் தடை போட்டது 2011-ல்.

குமட்டல் வேறு, மந்தம் வேறு

இங்கேதான் பலருக்குக் குழப்பம். குமட்டல் அடங்கினால் வயிறு சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம். ஒண்டான்செட்ரானை எடுத்துக்கொள்ளுங்கள். கீமோதெரபி வாந்தியை அடக்க 1990-களின் தொடக்கத்தில் வந்து, இப்போது குழந்தை வாந்தி எடுத்தாலும் வீட்டுக்கு வருகிறது. டோபமைனைத் தொடாமல் செரட்டோனின் வழியை மறிப்பதால் முகம் கோணும் பயம் மிகக் குறைவு. ஆனால் இரைப்பையை ஓர் அங்குலம்கூடத் தள்ளாது. மலச்சிக்கலைக் கூட்டி, வயிற்று உப்புசத்தை அதிகமாக்கவும் செய்யும். இதயத் துடிப்பு விஷயத்தில் இதற்கும் எச்சரிக்கை உண்டு.

எரித்ரோமைசின் நேர்மாறு. ஆன்டிபயாடிக்கான இதைச் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றைப் பிசைவது பழைய புகார். அந்தப் பிசைவு மோட்டிலின் என்ற குடல் ஹார்மோனைப் போல இது நடிப்பதால் வருவது என்று பிறகு தெரிந்தது. 1990-ல் பெல்ஜியத்தின் லூவனில், பத்துச் சர்க்கரை நோயாளிகளுக்கு இதை ரத்தக்குழாய் வழியே ஏற்றிப் பார்த்தார்கள். மந்தமான இரைப்பைகள் மளமளவென்று காலியாயின. இதிலும் ஒரு குறை: சில வாரங்களில் உடம்பு பழகிவிடும், பலன் தேய்ந்துவிடும்.

ஆக, எந்த மருந்தை எடுத்தாலும் ஏதோவொரு இடத்தில் கெடு இருக்கிறது. இரைப்பை மந்தமோ வருடக்கணக்கில் கூட வருவது. நடுவில் இருக்கும் பள்ளத்தைச் சமையலறையில்தான் நிரப்பவேண்டும். கிரைண்டர் பழுது என்றால் அரைத்ததையே அனுப்புவோம்: குழைந்த சாதம், வடித்த ரசம், கஞ்சி, இடியாப்பம், தோல் நீக்கி மசித்த காய். மூன்று வேளை வயிறு முட்டச் சாப்பிடுவதை ஐந்தாறு சிறு வேளையாகப் பிரிக்கலாம். எண்ணெயும் கொழுப்பும் இரைப்பையை இன்னும் தாமதப்படுத்தும். முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டு, ஆரஞ்சின் வெள்ளை நார் ஆகியவை உள்ளே திரண்டு உருண்டையாகிவிடக்கூடும். நார்ச்சத்து நல்லது என்று ஊருக்குச் சொல்லும் புத்திமதி இவர்களுக்கு ஆகாது. சாப்பிட்டதும் படுக்காமல் நாலு எட்டு நடக்கவேண்டும். இன்சுலின் நேரத்தை மருத்துவரோடு பேசி மாற்றவேண்டும்; ரத்தத்தில் சர்க்கரை எகிறினால் அதுவே இரைப்பையை மேலும் மந்தமாக்கும்.

பெரியம்மாவை நரம்பு மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் மேற்பார்வையில் மாத்திரை நிறுத்தப்பட்டது. சாப்பாட்டை மாற்றியதில் வாந்தி வாரத்துக்கு ஒருமுறையாகக் குறைந்தது. இந்தப் பொங்கலுக்குப் போனபோது நாக்கு அடங்கியிருந்தது. தாடை மட்டும் இன்னும் அசைகிறது. “இது இப்படியே இருந்துடும்போல” என்று அவரே சிரித்தார்.

இன்று ராத்திரி உங்கள் வீட்டு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துப் பாருங்கள். மெட்டோகுளோப்ரமைடு, டாம்பெரிடோன், லெவோசல்பிரைடு என்று எந்த அட்டையாவது இருந்தால், பெயரின் வாலில் ‘டி’யோ ‘எல்’லோ இருந்தால், அதை எழுதிய சீட்டின் தேதியைப் பாருங்கள். நீங்களாக நிறுத்தவேண்டாம். அட்டையையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய் இரண்டே கேள்வி கேளுங்கள்: “இது குமட்டலுக்கா, வயிறு காலியாகவா? எந்தத் தேதியில் நிறுத்தணும்?” இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை அட்டையின் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள்.

(தொடரும்)