வாசிக்கத் தடை, கற்பிக்க அழைப்பு!

"இசைத்தட்டுக்காக எவ்வளவு வேண்டுமானாலும் வாசியுங்கள். ஆனால் மது பரிமாறும் கிளப்புகளில் வாசிக்கக் கூடாது!" ஒரு சங்கீத வித்வானுக்குப் போலீஸார் இப்படித் தடை போட்டால் எப்படியிருக்கும்? வேடிக்கையாக இருக்கிறதல்லவா? நியூயார்க் நகரத்தில் ஜாக்கி மக்லீனுக்கு அதுதான் நேர்ந்தது.

மக்லீன் ஸாக்ஸபோன் வித்வான். பித்தளையில் பளபளவென்று, யானைத் துதிக்கை மாதிரி வளைந்து நிற்குமே, அந்த வாத்தியந்தான். அவர் வாசித்தது 'ஜாஸ்' சங்கீதம். எழுதி வைத்த ஸ்வரங்களோடு நின்றுவிடாமல், மனோதர்மத்தால் மேடையிலேயே விரிந்துகொண்டு போகும் சங்கீதம் அது.

1931-ல் பிறந்த மக்லீன், கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியில் வளர்ந்தார். பெரிய பியானோ மேதை பட் பவல் அவருக்கு அக்கம்பக்கத்துக்காரர், வழிகாட்டியும் ஆனார். 1951-ல், இருபதே வயதில், மைல்ஸ் டேவிஸின் இசைத்தட்டில் வாசிக்கும் பேறு கிட்டியது. அப்புறம் என்ன குறை என்கிறீர்களா?

அந்தத் தலைமுறைக்குத் தெய்வம் மாதிரி இருந்தவர் சார்லி பார்க்கர். அவரைப் போல் வாசிக்க ஆசைப்பட்ட இளைஞர்கள் பலர், அவரைப் பிடித்திருந்த ஹெராயின் பழக்கத்தையும் சேர்த்தே பற்றிக்கொண்டார்கள். பார்க்கர் 1955-ல், 34 வயதிலேயே மறைந்தார். மக்லீனையும் அந்த விஷம் விடவில்லை. வழக்கு வந்தது. நியூயார்க் கிளப்புகளில் வாசிக்க அந்நாளில் போலீஸ் அனுமதிச் சீட்டு வேண்டும், அது பறிபோயிற்று. கிளப்பு வருமானமும் போயிற்று!

இசைத்தட்டுக்குச் சீட்டுத் தேவையில்லையே! 1959 முதல் 1967 வரை 'ப்ளூ நோட்' கம்பெனிக்காகத் தட்டுக்கு மேல் தட்டாக வாசித்துத் தள்ளினார். சுருதியை இம்மியளவு ஏற்றிப் பிடித்து, எலுமிச்சை பிழிந்தாற்போல் சுளீரென்று கேட்கும் அவர் நாதத்தை ரசிகர்கள் இன்றும் அந்தத் தட்டுகளில்தான் தேடுகிறார்கள்.

பழக்கத்தை உதறிய மக்லீன், 1968-ல் ஹார்ட்ஃபோர்ட் நகரப் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லப் போனார். நியூயார்க்கிலிருந்து நூற்றுச் சொச்சம் மைல். இரண்டு ஆண்டுகளில் அங்கே ஏழைக் குழந்தைகள் வாழும் பகுதியில், மனைவி டாலியுடன் சேர்ந்து 'ஆர்ட்டிஸ்ட்ஸ் கலெக்டிவ்' என்ற கலைப் பள்ளியைத் தொடங்கினார். இசை, நடனம், நாடகம், ஓவியம் எல்லாம் அங்கே உண்டு. நோக்கம் ஒன்றுதான்: தெருவின் தீமைகள் பிடிப்பதற்குள், கலை பிடித்துக்கொள்ள வேண்டும்! பட்டவருக்குத்தானே தெரியும், எந்த வயதில் கையைப் பிடிக்க வேண்டும் என்று?

பல்கலைக்கழகத்தில் 1980-ல் அவர் முயற்சியால் தனித் துறையே உருவாயிற்று. 2000-ல் அதற்கு அவர் பெயரையே சூட்டினார்கள். 2006-ல் மக்லீன் காலமானார். அவரிடம் பயின்ற பலர் மேடைக்கு வந்து புகழ் பெற்றார்கள்.

ஆகவே, சாயங்கால வேளையில் அடுத்த வீட்டுப் பையன் வாத்தியத்தை வைத்துக்கொண்டு உங்கள் காதைத் துளைக்கிறானா? கோபித்துக்கொள்ளாதீர்கள். வேண்டாத இடத்துக்குப் போகாமல், சுருதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். மக்லீன் கேட்டிருந்தால் பூரித்துப் போயிருப்பார்!