நகரத்துக்குப் போன சத்து வயலுக்குத் திரும்புமா?

தமிழ்நாட்டில் 1951-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்போது நூற்றுக்கு 24 பேர் நகரங்களில் வாழ்ந்தனர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இது நூற்றுக்கு 48 பேராக உயர்ந்தது. அறுபது ஆண்டுகளில் நகர மக்களின் பங்கு இரு மடங்காகிவிட்டது. நகரம் பெருகினால் நெல்லுக்கும் காய்கறிக்கும் சந்தை பெருகும் என்பது விவசாயிகள் அறிந்ததே. ஆனால் நகரத்துக்கு ஏற்றி அனுப்பப்படுவது விளைபொருள் மட்டுமன்று. நிலத்தின் சத்தும் அதனுடன் சேர்ந்தே போகிறது.

போகும் சத்து எவ்வளவு?

ஒரு டன் நெல்மணியில் ஏறத்தாழ 11 கிலோ தழைச்சத்து அடங்கியுள்ளது. ஏக்கருக்கு இரண்டரை டன் நெல் விளைந்து விற்பனைக்குச் சென்றால், சுமார் 27 கிலோ தழைச்சத்து வயலை விட்டு வெளியேறுகிறது. இது ஏறத்தாழ 60 கிலோ யூரியாவில் உள்ள சத்துக்குச் சமமாகும். மணிச்சத்து, சாம்பல்சத்து, துத்தநாகம் போன்றவையும் உடன் செல்கின்றன.

விளைந்ததைக் கிராமத்திலேயே உண்ட காலத்தில் வீட்டுக் குப்பை, அடுப்புச் சாம்பல், சாணம் ஆகியவை எருக்குழிக்குப் போய், அங்கிருந்து வயலுக்குத் திரும்பின. நகரத்தில் உண்ணப்படும் உணவின் சத்தோ சாக்கடைக்கும் குப்பைமேட்டுக்கும் போய்ச் சேருகிறது. அங்கே அது அழுகி நாற்றத்தையும் மீத்தேன் வாயுவையும் உண்டாக்குகிறது. கசியும் நீர் நிலத்தடி நீரைக் கெடுக்கிறது. வயலுக்குச் சத்தாக வேண்டியது நகரத்துக்குத் தொல்லையாகிவிடுகிறது.

இந்த இழப்பை விவசாயி உர மூட்டை வாங்கி ஈடு செய்கிறார். ஆனால் யூரியா தழைச்சத்தை மட்டுமே தரும். மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும் அங்ககப் பொருளைத் தராது. மாடுகள் குறைந்துவிட்ட ஊர்களில் தொழு உரமும் போதிய அளவில் கிடைப்பதில்லை. ஆகவே, நகரக் குப்பையிலிருந்து தயாரிக்கப்படும் கம்போஸ்ட் உரம் சிறு விவசாயிகளின் கவனத்துக்கு உரியதாகிறது.

அன்றைய குப்பையும் இன்றைய குப்பையும்

குப்பையை மக்க வைத்து உரமாக்கும் இந்தூர் முறையை ஆல்பர்ட் ஹோவர்டு 1924-க்கும் 1931-க்கும் இடையே உருவாக்கினார். நகரக் குப்பைக்கு ஏற்ற பெங்களூர் முறையை 1939-இல் சி. என். ஆச்சார்யா வகுத்தார். அந்நாளில் நகரக் குப்பை என்பது பெரும்பாலும் காய்கறிக் கழிவு, இலை, சருகு, சாம்பல் ஆகியவையே. நகரை ஒட்டிய ஊர்களின் விவசாயிகள் வண்டி கட்டிச் சென்று அதனை ஏற்றி வந்தனர்.

இன்றும் நகரக் குப்பையில் ஏறத்தாழ பாதி மக்கக் கூடியதுதான். மீதியில் பிளாஸ்டிக், கண்ணாடி, பழைய பேட்டரி, டியூப் லைட், பெயிண்டு டப்பா முதலியன கலந்துவிடுகின்றன. பிளாஸ்டிக் தாள் நீர் இறங்குவதையும் வேர் ஓடுவதையும் தடுக்கிறது. அதனைவிடத் தீங்கானவை காரீயம், காட்மியம், பாதரசம் போன்ற கன உலோகங்கள். இவை மக்குவதில்லை. மண்ணில் ஒரு முறை சேர்ந்தால் எளிதில் நீக்க இயலாது. கீரை வகைகள் காட்மியத்தை எளிதில் உறிஞ்சக் கூடியவை. எனவே கலந்து கொட்டிய குப்பையைச் சலித்துத் தருவதை உரம் என்று ஏற்கலாகாது. 2016-இல் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வீட்டிலேயே தனித்தனியே பிரிக்க வேண்டும் என்று கூறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நகரக் கம்போஸ்ட்டுக்குத் தரம் வகுக்கப்பட்டுள்ளது. அங்ககக் கரிமம் குறைந்தது 12 சதவீதம், தழைச்சத்து 0.8 சதவீதம், மணிச்சத்து 0.4 சதவீதம், சாம்பல்சத்து 0.4 சதவீதம் இருக்க வேண்டும். காரீயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கும், காட்மியம் 5 மில்லிகிராமுக்கும் மிகக் கூடாது. கன உலோகத்தைக் கண்ணால் கண்டறிய முடியாது. ஆதலால் ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். ஊரில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு லோடு வாங்கும்போது, மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் செலவு ஒருவருக்குப் பெரிதாகத் தோன்றாது.

இவற்றோடு விவசாயிகள் தாமே செய்து பார்க்கக் கூடிய சோதனைகளும் உண்டு:

1. நன்கு மக்கிய உரம் கரும்பழுப்பாகவும் மண்வாசனையுடனும் இருக்கும். அழுகல் நாற்றம் அடித்தால் இன்னும் மக்கவில்லை என்று பொருள்.

2. குவியலுக்குள் கடப்பாரையைச் செருகி, பத்து நிமிடம் கழித்து எடுத்துத் தொட்டுப் பார்க்க வேண்டும். சுட்டால் அந்த உரம் இன்னும் சில வாரங்கள் கிடக்க வேண்டும். மக்காத குப்பையை வயலில் இட்டால், அதனை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும்.

3. ஒரு தொட்டியில் வயல் மண்ணும், மற்றொன்றில் வயல் மண்ணும் உரமும் சமமாகக் கலந்தும் நிரப்பி, ஒவ்வொன்றிலும் பத்துப் பாசிப்பயறு விதைகளை ஊன்ற வேண்டும். ஒரு வாரத்தில் உரத் தொட்டியில் முளைப்பு குறைந்தாலோ, நுனி கருகினாலோ அந்த உரத்தைத் தவிர்ப்பது நல்லது. அதில் உப்பு மிகுந்திருக்கலாம், அல்லது மக்குதல் முடியாதிருக்கலாம்.

இடும் அளவு

தொழு உரத்துக்குப் பரிந்துரைக்கப்படும் அளவாகிய ஏக்கருக்கு 5 டன் என்பதே இதற்கும் பொருந்தும். கடைசி உழவுக்கு முன் பரப்பி உழுதுவிட வேண்டும். தரமான உரம் 5 டன்னில் ஏறத்தாழ 40 கிலோ தழைச்சத்து இருக்கும். எனினும் அதில் ஒரு பகுதியே முதல் பயிருக்குக் கிடைக்கும். மீதி பின்வரும் பயிர்களுக்கு உதவும். ஆகவே யூரியாவை உடனே நிறுத்திவிடாமல், மண் பரிசோதனைப்படி படிப்படியாகக் குறைப்பதே விவேகமாகும்.

கழிவுநீர்த் தொட்டி லாரிகள்

நகரை ஒட்டிய சில இடங்களில் கழிவுநீர்த் தொட்டிகளைச் சுத்தம் செய்யும் லாரிகள் கசடை நேரே வயலில் கொட்டிச் செல்வதுண்டு. இதனை ஒருபோதும் அனுமதிக்கலாகாது. அதில் சத்து இருப்பது உண்மையே. ஆனால் வயிற்றுப் புழுக்களின் முட்டைகள் மண்ணில் பல மாதங்கள் உயிருடன் கிடக்கும். வெறுங்காலுடன் நாற்று நடுபவருக்கும், கீரை வாங்கி உண்பவருக்கும் அது நோயைத் தரும். சுத்திகரிப்பு நிலையத்தில் முறையாகப் பதப்படுத்தப்பட்ட பின்னரே அக்கசடு உரமாகத் தகுதி பெறும்.

நகரங்கள் இனியும் வளரும். நீடித்த வளர்ச்சி என்று பேசப்படுவது நிலைக்க வேண்டுமானால், அவை உண்ட சத்து நிலத்துக்குத் திரும்பியாக வேண்டும். அது சுத்தமாகத் திரும்ப வேண்டும் என்று கேட்கும் உரிமை விவசாயிகளுக்கு உண்டு. குப்பை இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஆராயாமல் வயலில் கொட்டிக்கொண்டால், கெடுவது அடுத்த தலைமுறைக்கும் சோறு போட வேண்டிய நிலம். அருகிலுள்ள நகராட்சியின் உரக்கூடத்தை ஒரு முறை நேரில் சென்று பார்த்து, குப்பை பிரித்து வாங்கப்படுகிறதா என்று உறுதி செய்துகொண்டு, முதலில் கால் ஏக்கரில் இட்டுப் பார்த்துப் பயனடையலாம்.