வெளியேற்றத் தடையும் வீட்டு உரிமையாளர்களின் இழப்பீட்டு வழக்கும்

கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில், வாடகை கொடுக்க இயலாத குடியிருப்பாளர்களை வெளியேற்றக் கூடாது என்று ஐக்கிய அமெரிக்க அரசு தடை விதித்தது. அதனால் நேர்ந்த இழப்பை அரசே ஈடுசெய்ய வேண்டும் என்று வீட்டு உரிமையாளர்கள் சிலர் தொடுத்த வழக்கு 'டார்பி டெவலப்மெண்ட் எதிர் ஐக்கிய அமெரிக்கா' எனப்படுகிறது.

நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் பிறப்பித்த இத்தடை 2020 செப்டம்பர் 4 அன்று நடைமுறைக்கு வந்தது. தனிநபராயின் ஆண்டு வருமானம் 99,000 டாலருக்கு மேல் போகாது, வாடகை கட்ட வழியில்லை என்பன போன்ற உறுதிமொழிகளைக் குடியிருப்பாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். வாடகை தள்ளுபடி ஆகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. பாக்கி ஏறிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் கையில் காசில்லாதவரிடம் பாக்கியை எப்படி வசூலிப்பது? வீட்டுக்காரருக்கோ வங்கித் தவணையும் சொத்து வரியும் நிற்கவில்லை. வாடகை உதவிக்கெனக் காங்கிரசு 4,600 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. பல மாநிலங்களில் அது மெதுவாகவே போய்ச் சேர்ந்தது.

2021 ஆகஸ்ட் 26 அன்று, அம்மையத்துக்கு இப்படித் தடை விதிக்க அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியதும் தடை முடிவுக்கு வந்தது.

தனியார் சொத்தைப் பொதுப் பயனுக்கு எடுத்தால் நியாயமான இழப்பீடு தர வேண்டும் என்கிறது அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம். உரிமையாளர்கள் இதையே பிடித்துக்கொண்டார்கள். இங்கே ஒரு வேடிக்கையான சிக்கல் எழுந்தது. அதிகாரமின்றிச் செய்த செயல் அரசின் செயலே ஆகாது, ஆகவே அதற்கு இழப்பீடும் கிடையாது என்று அரசுத் தரப்பு வாதிட்டது. தடையை வீழ்த்திய தீர்ப்பே இழப்பீட்டுக்கும் குறுக்கே வந்து நின்றது! அந்த வாதத்தை ஏற்று, கூட்டாட்சி உரிமைக்கோரல் நீதிமன்றம் 2022 மே மாதம் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

2024 ஆகஸ்ட் 7 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை 2-1 என்ற பெரும்பான்மையில் மாற்றியது. மையம் தன் வழக்கமான பணிவரம்புக்குள் நல்லெண்ணத்துடன் செயல்பட்டது. காங்கிரசே தடையை ஒரு மாதம் நீட்டித்துக் கொடுத்தது. எனவே அது அரசின் செயலே என்றது. பிறரைத் தன் சொத்திலிருந்து விலக்கி வைக்கும் உரிமை சொத்துரிமையின் அடிப்படைக் கூறு என்பதால், வாடகை தராதவரை வெளியேற்ற விடாமல் தடுப்பது சொத்தை நேரடியாக எடுத்துக்கொள்வதாகக் கருதத்தக்கது என்றும் கூறியது. அரசு பணம் தர வேண்டும் என்று இத்தீர்ப்பு சொல்லவில்லை. வழக்கை மேற்கொண்டு விசாரிக்குமாறு கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது.