நஸ்ரீன் முகமதியின் கோடுகள்

யானையை வரைந்தால் அது யானையாகவே தோன்ற வேண்டும் என்று எதிர்பார்த்துப் பழகிய ரசிகர், உருவம் எதுவுமற்ற சித்திரத்தின் முன் நிற்க நேரும்போது, "இது என்ன?" என்று கேட்பது இயல்பே, அந்தக் கேள்வியை அறியாமையென்று ஒதுக்கிவிடும் விமரிசகர்களின் கட்சியில் நான் சேர்ந்தவனல்லன். 2016 மார்ச் 18ஆம் தேதி நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக் காட்சிசாலை, கட்டடக் கலைஞர் மார்செல் புரோயர் நிர்மாணித்த மாடிசன் அவென்யூ கட்டடத்தில் தன் புதிய கிளையைத் திறந்தபோது, தொடக்கக் கண்காட்சிகளில் ஒன்றாக வைத்த நஸ்ரீன் முகமதியின் படைப்புகள், இந்தக் கேள்விக்கு வாதப் பிரதிவாதமின்றி விடை தந்தன. ஓவியங்களும் கோட்டுச் சித்திரங்களும் புகைப்படங்களுமாக நூற்று முப்பதுக்கு மேற்பட்டவை அங்கே இடம்பெற்றன. அவர் எழுதிவந்த நாட்குறிப்புகளும் உடனிருந்தன.

1937இல் கராச்சியில் பிறந்து பம்பாயில் வளர்ந்த நஸ்ரீன், லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப் பள்ளியிலும் பின்னர் பாரிஸிலும் பயின்று, பம்பாயின் பூலாபாய் ஸ்தாபனத்தில் வி. எஸ். கைதொண்டே போன்ற மூத்த ஓவியர்களின் சகவாசத்தைப் பெற்று, 1972 முதல் 1990இல் காலமாகும் வரையில் பரோடா சர்வகலாசாலையின் நுண்கலைப் பிரிவில் ஆசிரியையாக இருந்தவர். அந்தக் காலத்துப் பரோடாவில் பூபேன் கக்கர், குலாம் முகமது ஷேக் முதலியோர் மனிதர்களையும் தெருக்களையும் கதைகளையும் வர்ணங்களில் கொண்டுவருவதில் முனைந்திருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால்தான், அவர்களோடு ஒரே ஊரில் பணியாற்றிக்கொண்டு, வர்ணத்தையும் உருவத்தையும் ஒருங்கே துறந்து, மையும் பென்சிலும் காகிதமுமே போதுமென்று இவர் இருந்ததன் துணிவு விளங்கும்.

1960களில் அவர் செய்தவற்றில் செடியின் சாயலும் நிலத்தின் சாயலும் இன்னும் தங்கியிருக்கின்றன. எழுபதுகளில் அவை கரைந்து, குறுக்கும் நெடுக்குமான கோடுகளின் வலையாகின்றன. எண்பதுகளில் அந்த வலையும் அவிழ்ந்து, சாய்ந்த கோடுகள் சிலவும் வளைவுகள் சிலவும் வெற்றுக் காகிதத்தில் பற்றுக்கோடின்றி மிதக்கின்றன. கட்டட வரைபடக்காரர்கள் பயன்படுத்தும் கருவிகளே அவருடைய கருவிகள். அவற்றுள் ஒன்று, இரண்டு எஃகு இதழ்களுக்கு இடையே மை நிற்கும் பேனா. இதழ்களின் இடைவெளியை ஒரு திருகினால் கூட்டியும் குறைத்தும் கோட்டின் கனத்தை நிர்ணயிக்க வேண்டும். நடுவழியில் கை தயங்கினால் மை குளம்கட்டிவிடும், விழுந்த கறையைத் துடைத்து மறைப்பதும் எளிதன்று. இயந்திரம் வரைந்ததுபோல் தொலைவிலிருந்து தோன்றும் இச்சித்திரங்களைக் கிட்ட நெருங்கிப் பார்த்தாலோ, ஒரே கோடு ஓரிடத்தில் கறுத்தும், சற்றுத் தள்ளிச் சாம்பல் பூத்தும், கடைசியில் காகிதத்தின் வெண்மையில் கலந்தும் போவது தெரியும். ஒரே ஸ்வரத்தில் நெடுநேரம் நின்று சாதகம் செய்யும் பாடகரின் மூச்சைப் போல, அந்த ஏற்றத்தாழ்வு கண்ணுக்குப் புலனாகிறது.

இனி அவருடைய புகைப்படங்கள். தம் ஆயுட்காலத்தில் அவர் காட்சிக்கு வைக்காத அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களில், கடல் பின்வாங்கிய மணலின் வரிகள், தறியில் இழுத்துக் கட்டிய பாவு, தார்ச் சாலையில் தீட்டிய வெள்ளைப் பட்டைகள், அக்பரின் பதேபூர் சிக்ரியில் கல்தளத்தின் விளிம்புகள் ஆகியவை இருக்கின்றன. இவற்றைச் சித்திரங்களுக்குப் பக்கத்தில் வைத்துக் காணும் ரசிகர், உலகத்தை வெறுத்து ஒதுங்கிய மனம் போட்ட கோடுகள் அல்ல இவை, உலகத்தை உற்றுப் பார்த்துப் பார்த்து அதன் சாரத்தை இறுத்தெடுத்த மனத்தின் கோடுகள் என்று தாமே தீர்மானித்துக்கொள்வார். ஆனால் ஓர் எச்சரிக்கையும் வேண்டும்: இந்தச் சித்திரம் அந்தத் தறியின் பிரதி, அந்தச் சித்திரம் இந்தக் கடற்கரையின் பிரதி என்று பொருத்தம் பார்க்கத் தொடங்கினால், யானையைத் தேடும் பழைய வழக்கத்திற்கே திரும்பிவிடுவோம்.

கடைசி ஆண்டுகளில் அங்கங்களின் இயக்கத்தைக் கட்டுக்குள் நிற்கவொட்டாமல் செய்த நரம்பு வியாதி ஒன்று அவரைப் பீடித்திருந்தது. அந்த நிலையிலும் கோடு நடுங்கவில்லை என்று வியப்பவர்கள் பலர், வியப்பு நியாயமானதே. எனினும் சித்திரங்கள் நம் அனுதாபத்தை யாசிக்கவில்லை. பெரும்பாலானவற்றுக்குப் பெயரிடாமலும் தேதி குறிக்காமலும் விட்டுச் சென்றவர், தம் துன்பத்தை மட்டும் அவற்றில் எழுதி வைத்திருப்பார் என்று நாம் ஏன் கருத வேண்டும்?

இத்தகைய கலைக்குக் கண்காட்சி இன்றியமையாதது. மெல்லிய பென்சில் கோடு அச்சுப் புத்தகத்தில் ஏறக்குறைய மறைந்தே போகிறது. கணினித் திரையிலோ கனத்த கோடும் மெலிந்த கோடும் ஒன்றாகிவிடுகின்றன. டில்லியில் கிரண் நாடார் கலைக் காட்சிசாலை 2013இல் இவருக்கென்று விரிவான கண்காட்சி ஒன்றை நடத்தியது, அத்தகைய சந்தர்ப்பம் மீண்டும் வாய்க்குமானால், நம் ரசிகர் தம் "இது என்ன?" என்ற கேள்வியைக் கூச்சமின்றி உடன்கொண்டு போகலாம். ஒரு கோட்டை அது தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை அவசரப்படாமல் கண்ணால் தொடர்ந்து செல்வது ஒன்றே அவர் செய்ய வேண்டிய பிரயாசை. அதற்குக் கலைச் சாத்திரப் பயிற்சி எதுவும் தேவையில்லை.